ஒரு கிராம் பூ, ஒன்பது கிலோமீட்டர் பார்

சம்பங்கிப் பூ ஒன்றின் எடை ஏறத்தாழ ஒரு கிராம். ரகம், பருவம், பாய்ச்சிய தண்ணீர் பார்த்துக் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். மண்டியில் ஒரு கிலோ என்று தராசில் கொட்டுவது ஆயிரம் பூ; யாரோ ஒருவர் ஆயிரம் தடவை விரலால் கிள்ளிய பூ. இந்தப் பயிரைப் பற்றி வரும் வெற்றிக்கதைகளில் கிலோ விலை இருக்கும், ஏக்கர் விளைச்சல் இருக்கும், மாத வருமானம் தலைப்பிலேயே இருக்கும். அந்த ஆயிரம் கிள்ளலை மட்டும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. எழுதினால் என்ன ஆகிறது என்று ஒரு தடவை முழுசாகப் போட்டுப் பார்த்துவிடலாம்.

எந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடவு இடைவெளி, கிழங்கின் எடை, உர அளவு, ஏக்கர் விளைச்சல் ஆகியவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நிலச்சம்பங்கிக்குச் சொல்லும் பரிந்துரைகளை ஒட்டியவை. கூலி, கிழங்கு விலை, பூ விலை, கமிஷன் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. சத்தியமங்கலத்தில் ஒரு விலை, நிலக்கோட்டையில் ஒரு விலை, தோவாளையில் ஒரு விலை. அதிலும் நேற்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று. உங்கள் ஊர் எண்ணை அந்தந்த இடத்தில் போட்டுத் திருத்திக்கொள்ளலாம். கணக்குப் போடும் வழி மாறாது.

கிழங்கிலிருந்து தொடங்குவோம். பாருக்குப் பார் 45 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. ஒரு கிழங்குக்குக் கிடைக்கும் இடம் 900 சதுர செ.மீ. ஹெக்டேருக்கு 1,11,111 கிழங்கு. பரிந்துரையில் 1,12,000 என்று முழு எண்ணாக்கியிருக்கிறார்கள். ஏக்கருக்கு 45,000, சென்ட்டுக்கு 450. ஒவ்வொன்றும் 25 முதல் 30 கிராம் தேற வேண்டும். ஆக ஏக்கருக்கு 1,125 முதல் 1,350 கிலோ கிழங்கு. சின்ன யானை வண்டியில் இரண்டு நடை. தோண்டி எடுத்த உடனே நட்டுவிடக்கூடாது, நிழலில் 30 நாள் ஆறப்போட வேண்டும். நடுமுன் சைகோசெல் என்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தின் கரைசலில், லிட்டருக்கு 5 கிராம் வீதம், நனைத்தெடுப்பது வழக்கம். நடும் ஆழம் வெறும் இரண்டரை சென்டிமீட்டர். கிழங்குப் பயிர் என்றாலே ஆழமாகப் புதைக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

நட்டு 80 முதல் 95 நாளில் முதல் தண்டு வருகிறது. அதன் பிறகு ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்குச் சுமார் 15 டன் உதிரிப்பூ கிடைக்கலாம். ஏக்கருக்கு 6 டன். இதைக் கிழங்குவாரியாகப் பிரித்தால் ஒரு கிழங்கின் பங்கு 134 கிராம். பூ ஒன்றுக்கு ஒரு கிராம் என்றால் 134 பூ. ஒரு தண்டில் 40 முதல் 50 பூ வரை இருக்கும் என்பதால், நட்ட ஒரு கிழங்குக்கு ஆண்டில் மூன்று தண்டு. 30 கிராம் கிழங்கு தன் எடையைப்போல நான்கரை மடங்கு பூவை ஓர் ஆண்டில் கொடுக்கிறது என்றும் சொல்லலாம்.

அப்படிச் சொல்வது முழுக்கச் சரியில்லை. செடியைப் படிப்பவர்களுக்கும் வளர்ப்பவர்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி இங்கேதான் இருக்கிறது. சம்பங்கியின் ஒரு கிழங்கு ஒரே தடவைதான் பூக்கும். தண்டு விட்டுப் பூத்து முடித்ததும் அதன் கதை முடிந்தது. அடுத்த தண்டு அதைச் சுற்றி முளைத்த பக்கக் கிழங்குகளில் ஒன்றிலிருந்து வருகிறது. ஒரு குத்தைப் பிடுங்கி மண்ணை உதறிப் பார்த்தால் தெரியும்: நடுவில் சுருங்கிப் பழுப்பேறிய தாய்க் கிழங்கு, மேலே காய்ந்த தண்டின் அடிக்கட்டை, அதை ஒட்டி விரல் கணு அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை வெள்ளையும் பச்சையுமாய்ப் பத்துப் பன்னிரண்டு. இரண்டாம் ஆண்டில் நீங்கள் பறிக்கும் பூ நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கிழங்கின் பூ இல்லை, அதன் பிள்ளைகளின் பூ. மூன்றாம் ஆண்டில் பேரப்பிள்ளைகளின் பூ.

ரயில் பாதை ஓரத்து ஆனைக்கற்றாழையும் இப்படித்தான். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஒரே ஒரு கம்பம் விட்டுப் பூத்துச் சாகும். அடியில் குட்டிகள் தொடரும். ஒற்றுமை தற்செயல் இல்லை. 1753-இல் லின்னேயஸ் சம்பங்கிக்கு வைத்த போலியாந்தஸ் டியூபரோசா என்ற பெயர்தான் பாடப்புத்தகங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2017-இல் இதைக் கற்றாழைகளின் அகேவ் பேரினத்துக்கே மாற்றி, அகேவ் அமிக்கா என்று பெயரிட்டார்கள். இரண்டுக்கும் தாயகம் மெக்சிகோ. நம் கோயில் மாலையில் தொங்குவது ஒரு மெக்சிகோக் கற்றாழையின் பூ.

மாடித் தோட்டக்காரர்கள் "போன வருஷம் நல்லாப் பூத்துச்சு, இந்த வருஷம் இலை மட்டும் மண்டிக்கிடக்கு" என்று சொல்வதற்கும் விடை இதில் இருக்கிறது. தொட்டியில் மூன்று கிழங்கு நட்டிருப்பார்கள். தாய் மூன்றும் பூத்து முடிந்து, முப்பது குட்டிகள் ஒரே தொட்டி மண்ணுக்கு அடித்துக்கொள்கின்றன. எதுவும் பூக்கும் பருமனுக்கு வரவில்லை. உரம் கூட்டிப் பயனில்லை. கவிழ்த்துக் கொட்டி, பெரியதாக மூன்றை எடுத்து மறுபடி நட வேண்டும். வயலில் இரண்டு ஆண்டு, மறுதாம்பாக மூன்றாம் ஆண்டு, அதோடு தோண்டிவிட வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான்.

இப்போது பறிப்புக்கு வருவோம். ஏக்கருக்கு 6,000 கிலோ என்றால் ஆண்டுக்கு 60 லட்சம் பூ. 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 16,400 பூ, 16 கிலோ சொச்சம். தண்டில் பூ கீழிருந்து மேலாக விரியும். ஒரு காலையில் ஒரு தண்டில் பறிக்கும் பதத்தில் இருப்பது இரண்டோ மூன்றோ. மாலைக்கு வேண்டியது அன்று சாயங்காலம் விரியப்போகும் முற்றிய மொக்கு. அதற்கு மேலே உள்ளது நாளைக்கு. ஒரு கிலோ சேரச் சுமார் நானூறு தண்டைத் தொட்டாக வேண்டும். மொக்கின் அடியில் கட்டை விரலை வைத்து மேல்நோக்கி ஒரு நெட்டு நெட்டினால் காம்பு சுத்தமாக முறியும். கீழ்நோக்கி இழுத்தால் மேல் மொக்கும் கூட வந்துவிடும். பழகிய கை இரண்டு கையாலும் பறித்து இடுப்பில் கட்டிய துணியில் போட்டுக்கொண்டே நகரும். எட்டு மணிக்குள் முடிய வேண்டும். "வெயில் ஏறிடுச்சுங்க, இனிப் பறிச்சா எடையும் நிக்காது, மொக்கும் நிக்காது" என்று பறிக்கிற அம்மாவே நிறுத்திவிடுவார்.

இதில் இன்னொரு எண் ஒளிந்திருக்கிறது. ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். 45 செ.மீ.க்கு ஒரு பார் என்றால் பார்களின் மொத்த நீளம் 8,993 மீட்டர். ஒன்பது கிலோமீட்டர்! ஒரு வாய்க்காலில் நடந்தபடி இரு பக்கமும் பறித்தாலும் தினமும் நாலரை கிலோமீட்டர் நடை, குனிந்தபடி, ஈர மண்ணில். பூ அதிகமாக இருக்கும் நாளிலும் இதே நடைதான், மார்கழிப் பனியில் பூ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிய நாளிலும் இதே நடைதான். பூ குறைந்தால் விலை ஏறும் என்று மட்டும்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். பூ குறைந்தால் ஒரு கிலோவைப் பறிக்கும் செலவும் ஏறுகிறது.

நல்ல கை மணிக்கு 3,000 பூ பறிக்கும் என்று வைக்கிறேன்; மணிக்கு 3 கிலோ. மணிக்கூலி 60 ரூபாய் என்றால் கிலோவுக்குப் பறிகூலி 20 ரூபாய். பூ குறைந்த நாளில் மணிக்கு ஒன்றரைக் கிலோதான் சேர்கிறது என்றால் அதே கூலிக்குக் கிலோ 40 ரூபாய். ஆண்டு முழுக்க 20 என்றே வைத்துக் கணக்குப் போடுகிறேன். விவசாயிக்குச் சாதகமான எண் இது.

மற்ற செலவுகளை ஒரேயடியாக எழுதிவிடலாம். ஒரு ஏக்கர், முதல் ஆண்டுப் பற்று, ரூபாயில்:

கிழங்கு, 45,000 × 1 ரூபாய்: 45,000
உழவு, பார் பிடிப்பு: 12,000
தொழுவுரம், 10 டன்: 15,000
ரசாயன உரம்: 10,000
நடவு, 30 ஆள் × 400: 12,000
களையெடுப்பு, 80 ஆள் × 400: 32,000
பூச்சி, நூற்புழு மருந்து: 8,000
தண்ணீர்: 0
மொத்தம்: 1,34,000

உர எண்ணுக்கு மட்டும் விளக்கம் வேண்டும். ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து ஒவ்வொன்றும் 200 கிலோ; ஏக்கருக்கு 81 கிலோ வீதம். மணிச்சத்தை டிஏபியாகப் போட்டால் 50 கிலோ மூட்டை மூன்றரை. மூட்டை 1,350 ரூபாய். அதிலேயே 32 கிலோ தழைச்சத்து வந்துவிடுவதால் யூரியா 45 கிலோ மூட்டை மூன்றுக்குள் முடியும். மூட்டை 266 ரூபாய் 50 காசு. பொட்டாஷ் மூன்று மூட்டைக்குச் சற்றுக் குறைவு, மூட்டை 1,600 என்று வைத்தேன். கூட்டினால் பத்தாயிரத்தை ஒட்டி வருகிறது. மானியம் இல்லாத உரம் என்றால் இந்த வரி இப்படிச் சின்னதாக இருக்காது.

தண்ணீர் வரியில் உள்ள பூஜ்யத்தை நம்ப வேண்டாம். விவசாய மின்சாரம் தமிழ்நாட்டில் இலவசம், சொட்டுநீருக்குச் சிறு குறு விவசாயிகளுக்கு முழு மானியம். அதனால் நோட்டில் பூஜ்யம் என்று எழுத முடிகிறது. ஆழ்துளைக் கிணறு வற்றி இன்னும் இருநூறு அடி இறக்கும் ஆண்டில் அந்தப் பூஜ்யம் மற்ற எல்லா வரியையும் விழுங்கிவிடும். அது நிலத்துக்கு நிலம் மாறுவதால் வெளியே வைக்கிறேன்.

இனி வரவு. கிலோ சராசரி 50 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன். சராசரி என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்கு முதல் நாள் விற்றதை நினைவில் வைத்துக்கொண்டு ஆண்டு முழுதையும் கணக்கிடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. கல்யாணமே இல்லாத புரட்டாசி மார்கழியை நினைவு வசதியாக மறந்துவிடுகிறது. மண்டிக் கமிஷன் பத்து சதவீதம், ஊருக்குள் வரும் வேனில் மூட்டை போட்டால் கிலோவுக்கு 2 ரூபாய் வண்டிக்கூலி. 50-இல் கமிஷன் 5, வண்டி 2, பறிகூலி 20 போக, தோட்டத்துக்கு நிற்பது 23 ரூபாய்.

முதல் ஆண்டில் மூன்று மாதம் பூ கிடையாது, தோட்டமும் இன்னும் கூடவில்லை. 4,000 கிலோ என்று வைப்போம். 92,000 வரவு, 1,34,000 செலவு, 42,000 கைப்பிடித்தம். இரண்டாம் ஆண்டில் கிழங்கு, உழவு, நடவு இல்லை, தொழுவுரம் பாதி, செலவு 57,500. பூ 6,000 கிலோ, 1,38,000 வரவு, மிச்சம் 80,500. மூன்றாம் ஆண்டு மறுதாம்பில் 4,500 கிலோ என்றால் 1,03,500 வரவு, மிச்சம் 46,000. மூன்றாண்டும் சேர்த்து ஏக்கருக்கு 84,500 ரூபாய் லாபம். ஆண்டுக்கு 28,000 சொச்சம். மாதத்துக்கு 2,350. தலைப்புச் செய்திகளில் வரும் எண்ணுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

அந்த மூன்றாண்டில் விற்ற பூ 14,500 கிலோ, விற்றுமுதல் 7,25,000. அதில் பறிகூலி மட்டும் 2,90,000. நூறு ரூபாய்க்குப் பூ விற்றால் 40 ரூபாய் பறித்த கைக்குப் போகிறது, 34 ரூபாய் மண்ணுக்குள் போகிறது, 14 ரூபாய் கமிஷனும் வண்டியும், மீதி 12 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக நிலத்துக்காரருக்கு. சராசரி விலை 43 ரூபாய் 50 காசுக்கு இறங்கினால் அந்த மீதியும் இல்லை. 40-க்கு இறங்கினால் மூன்றாண்டில் 46,000 நட்டம். 60 கிடைத்தால் 2,15,000 லாபம். பத்து ரூபாய் ஏற்ற இறக்கத்தில் 1,30,500 ரூபாய் ஆடுகிறது. மெலிந்த லாபத்தின் மேல் இப்படி ஆடும் பயிரை, கடன் வாங்கிப் பெரிதாகச் செய்யும் துணிச்சல் எனக்கு வராது.

இன்று காலை விலை 24 ரூபாய்க்குக் கீழே என்றால், கமிஷனும் வண்டியும் பறிகூலியும் போக மிச்சமே கிடையாது. பறிக்காமல் விடுவதுதான் லாபம். யாரும் அப்படி விடுவதில்லை. இன்று வேண்டாம் என்று சொன்னால் பறிக்கிறவர்கள் நாளைக்கு அடுத்த தோட்டத்தில் நிற்பார்கள். விலை ஏறும் நாளில் அவர்கள் வேண்டும் என்பதற்காக, விலை இறங்கிய நாளில் கைக்காசு போட்டுப் பறிக்கிறார்கள். கணக்கு நோட்டில் நட்டமாகத் தெரியும் அந்தத் தொகை உண்மையில் ஒரு முன்பணம்.

மண்டியில் விலை படுத்தால் போகும் இன்னொரு வாசல் தைல ஆலை. அங்கே ஹெக்சேன் கரைப்பானில் பூவை ஊறவைத்து மெழுகுப் பதத்தில் கான்கிரீட் என்ற வாசனைச் சாற்றை எடுக்கிறார்கள். தேறுவது 0.08 முதல் 0.11 சதவீதம். ஒரு கிலோ கான்கிரீட்டுக்கு 910 முதல் 1,250 கிலோ பூ, ஏறக்குறைய பத்து லட்சம் பூ, பறிகூலி மட்டும் 18,000 முதல் 25,000 ரூபாய். ஓர் ஏக்கரின் ஓர் ஆண்டு விளைச்சல் முழுதும் போட்டாலும் ஐந்தாறு கிலோ கான்கிரீட்தான். ஒரு காலத்தில் பிரான்சின் கிராஸ் நகரத்தில் சம்பங்கி மணத்தைக் கொழுப்புப் பூசிய கண்ணாடிப் பலகைகளில் பூவை அடுக்கி எடுத்தார்கள். ரோஜாவுக்கு அந்த முறை சரிப்படாது. சம்பங்கியும் மல்லியும் கிள்ளிய பிறகும் மணத்தைத் தொடர்ந்து விடுவதால், கொழுப்பு அதை மெல்ல மெல்லக் குடித்துக்கொள்ளும். பலகைக்குப் பலகை கையால் பூவை மாற்றும் வேலை அது. கூலி ஏறியதும் கிராஸில் அந்த முறை நின்றது. கூலி அங்கேயும் ஆளை விடவில்லை.

ரகம் பற்றிய பேச்சிலும் இந்த ஒரு கிராம்தான் ஆள்கிறது. பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ஒற்றையடுக்கையும் இரட்டையடுக்கையும் கலந்து ஷ்ருங்கார் ரகத்தை உருவாக்கியது. கல்கத்தா ஒற்றையைவிட 40 சதவீதம் கூடுதல், ஹெக்டேருக்கு 15 டன் உதிரிப்பூ. பிறகு ஷ்ருங்காரை மெக்சிகன் ஒற்றையோடு கலந்து பிரஜ்வல். மொக்கில் இளஞ்சிவப்புச் சாயல் உண்டு, பூ பெரியது, விளைச்சல் ஷ்ருங்காரைவிட 20 சதவீதம் கூடுதல். நாற்றுக்காரர்கள் அந்த 20 சதவீதத்தையே சொல்லி விற்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது "பூ பெரியது" என்பது. பூ ஒன்று 1.25 கிராம் என்றால் கிலோவுக்கு 800 கிள்ளல் போதும். பறிகூலி 20-லிருந்து 16 ஆகிறது. ஒரு கிலோகூட அதிகமாக விளையாவிட்டாலும் மூன்றாண்டில் 58,000 ரூபாய் மிச்சம். சந்தை விலை நாலரை ரூபாய் உயர்ந்ததற்குச் சமம். சந்தையை உயர்த்த நம்மால் ஆகாது, கிழங்கைத் தேர்ந்தெடுக்க ஆகும். கிழங்கு வாங்கப் போகும்போது ஏக்கருக்கு எத்தனை டன் என்று கேட்பதைவிட, அவர் தோட்டத்தில் நூறு மொக்கைப் பறித்துத் தராசில் வைக்கச் சொல்வது மேல்.

இனி அளவு. எவ்வளவு நிலத்தில் நடலாம்? ஒரு வீட்டில் இரண்டு பேர், காலை இரண்டு மணி நேரம், மணிக்கு 3 கிலோ: 12 கிலோ பறிக்க முடியும். சராசரி நாளில் ஏக்கருக்கு 16 கிலோ என்றால், பூ கொட்டும் நாளில் அது இரட்டிப்பாகி 33 வரும். 12-ஐ 33-ஆல் வகுத்தால் 36 சென்ட். வெளியாள் இல்லாமல் ஒரு குடும்பம் சமாளிக்கும் எல்லை அது. அந்த 36 சென்ட்டில் மேலே சொன்ன லாபத்தின் பங்கு ஆண்டுக்கு 10,140 ரூபாய். வெளியே போகாமல் வீட்டில் தங்கும் பறிகூலி 34,800. இரண்டும் சேர்ந்து 45,000-ஐ ஒட்டி வரும். "சம்பங்கியில் வருஷம் நாற்பத்தைந்தாயிரம் பார்த்தோம்" என்று அந்த வீட்டில் பேசிக்கொள்வார்கள். அதில் முக்கால் பங்குக்கு மேல் அவர்களின் சொந்தக் கூலி. தப்பில்லை, கூலியும் காசுதான். அதைப் பார்த்து ஐந்து ஏக்கரில் நட்டவர்தான் ஏமாந்துபோகிறார். அவருக்கு அந்த முக்கால் பங்கு வீட்டுக்குள் வராமல் வாசலோடு போய்விடும்.

கீழேயும் ஓர் எல்லை உண்டு. பத்து சென்ட்டில் சராசரி நாளுக்கு 1.6 கிலோ. அதை எடுத்துக்கொண்டு பைக்கில் போகவர மொத்தம் இருபது கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோல் 45 ரூபாய் ஆகும். கிலோவுக்கு 28 ரூபாய் வழியிலேயே எரிந்துபோகிறது. ஊருக்குள் பூ வேன் வராத இடத்தில் பத்து சென்ட் சம்பங்கி வீட்டுச் சாமிக்குத்தான். வேன் வருமா என்று பார்த்த பிறகு மண் பரிசோதனைக்குப் போனால் போதும்.

கடைசியாக மண்ணுக்குள் இருப்பது. மூன்றாம் ஆண்டு முடிவில் தோண்டும்போது பத்தில் ஒன்று செத்திருக்கும் என்று கழித்தாலும் ஏக்கருக்கு 40,000 குத்து. குத்துக்குப் பூக்கும் பருமனில் பத்து தேறினால் 4 லட்சம் கிழங்கு, பத்து டன். வாங்கிய விலையில் விற்றால் 4 லட்சம் ரூபாய். மூன்றாண்டு லாபத்தைப்போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. இந்த வரியைக் காட்டித்தான் பல பேர் ஆசை காட்டப்படுகிறார்கள். ஆனால் ஓர் ஏக்கர் தோண்டினால் ஒன்பது ஏக்கருக்குக் கிழங்கு. அந்த ஒன்பது, மூன்றாண்டில் எண்பத்தொன்று. பன்னிரண்டு ஆண்டில் 6,561 ஏக்கர். இத்தனை பேர் புதிதாக நட வந்தால்தான் கிழங்கு ஒரு ரூபாய்க்கு நிற்கும். அத்தனை பேர் நட்டால் பூ 50 ரூபாய்க்கு நிற்காது. இரண்டில் ஒன்றைத்தான் எதிர்பார்க்கலாம். கால்வாசி கிழங்கை ஐம்பது காசுக்குத் தள்ள முடிந்தால், தோண்டும் கூலிக்கு முன் 50,000 என்று எழுதிக்கொள்வது நியாயம். நான் அதையும் எழுதமாட்டேன், வந்த அன்று பார்த்துக்கொள்ளலாம்.

கிழங்கு விலை வானத்துக்கு ஏறிய வரலாறும் உண்டு. 1637 பிப்ரவரி 5, ஹாலந்தின் அல்க்மார் நகரில் அநாதைகளான பிள்ளைகளுக்காக அவர்களின் தந்தை விட்டுச்சென்ற டுலிப் கிழங்குகளை ஏலம் விட்டபோது 90,000 கில்டர் சேர்ந்தது. தேர்ந்த கைவினைஞரின் ஓர் ஆண்டு ஊதியம் அப்போது 300 கில்டரை ஒட்டி. முந்நூறு ஆண்டுக் கூலி ஒரே நாளில். அதே மாதத்திலேயே சந்தை சரிந்தது. மிகுந்த விலை போனவை இதழில் தீச்சுடர் போலக் கோடு ஓடிய ரகங்கள். அந்தக் கோடு ஒரு வைரஸ் நோயின் அடையாளம் என்று 1928-இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் டோரதி கேய்லி கண்டறிந்தார். நோய் பிடித்த கிழங்கு மெலிந்து, குட்டி போடுவதும் குறையும். அழகானது பெருகவில்லை, அதனால் அரிதானது, அதனால் விலை ஏறியது. சம்பங்கிக்கு அந்த நோயும் இல்லை, அந்த விலையும் வராது.

சம்பங்கிக்கு உள்ள நோய் வேறு வகை. வேர்முடிச்சு நூற்புழு கிழங்கோடும் மண்ணோடும் பயணம் செய்யும். ஷ்ருங்கார் அதைத் தாங்கும். எல்லா ரகமும் தாங்காது. "எங்க தோட்டத்துல தோண்டுனது, சும்மா எடுத்துக்கோங்க" என்று கிடைக்கும் கிழங்கில் 45,000 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். அதோடு நூற்புழு வந்து விளைச்சல் பத்து சதவீதம் குறைந்தால் மூன்றாண்டில் 1,450 கிலோ, தோட்டத்து வரவில் 33,350 ரூபாய் போகும். இருபது சதவீதம் என்றால் இனாம் கிழங்கு விலைக் கிழங்கைவிட 21,700 ரூபாய் அதிகம். புழு மண்ணில் தங்கிவிடும் என்பதால் அடுத்த பயிருக்கும் அதே வட்டி. வாங்கும் குத்தின் வேரைக் கழுவிப் பார்க்காமல் மூட்டை கட்டக்கூடாது. மணிமணியாக முடிச்சு தெரிந்தால் விலை பேசவே வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு நடுவதானால் 36 சென்ட்டையும் ஒரே ஆண்டில் நட வேண்டாம். ஆண்டுக்கு 12 சென்ட்டாக மூன்று துண்டு. ஒரு துண்டுக்குக் கிழங்கு 5,400. எல்லாத் துண்டும் ஒரே வயதில் இல்லாததால் முதல் ஆண்டுக் கைப்பிடித்தமும் மூன்றில் ஒன்றாகப் பிரியும், பூ கொட்டும் நாளில் பறிப்பும் கைக்குள் அடங்கும். நான்காம் ஆண்டிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஒரு துண்டைத் தோண்டுவீர்கள்: 4,800 குத்து, 48,000 கிழங்கு. அதில் உங்களுக்குத் தேவை 5,400, ஒன்பதுக்கு ஒன்று. எடையில் முதல் தரத்தை எடுத்துக்கொண்டு மீதி ஒரு டன்னை யார் கேட்டாலும் கொடுக்கலாம், வேரைக் காட்டிவிட்டு. ஆனால் தோண்டிய துண்டிலேயே உடனே மறுபடி நடக்கூடாது. நூற்புழு ஓய அங்கே ஒரு பருவம் செண்டுமல்லி போட வேண்டும். அதையும் அதே மண்டியில் விற்கலாம். ஆக 36 சென்ட் சம்பங்கிக்கு வேண்டிய நிலம் 48 சென்ட்.